வெட்டு முனையில் ஒரு சொட்டு

தோல் பதனிடும் வேலையில் பி.எச். ஓரிடத்தில் நிற்பதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் அது 12-ஐத் தாண்டி நிற்கும். சுண்ணாம்பைக் கழிக்கும்போது 8-க்கும் 9-க்கும் நடுவே இறங்கும். உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்த பிக்கிள் தண்ணீரில் 3-க்குக் கீழே போய்விடும். குரோம் ஏற்றி முடிக்கையில் மறுபடி மெல்ல 4-ஐ நோக்கி ஏறும். ஆவாரம் பட்டைத் தண்ணீர் என்றால் 5-ஐ ஒட்டி இருக்கும். இந்த அளவில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. சுண்ணாம்பிலிருந்து பிக்கிளுக்குப் போகும் ஓர் ஆட்டுத்தோல் ஏறத்தாழ பத்து எண் தூரத்தைக் கடக்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் ஒரே கருவியை நம்பியிருக்க முடியாது. எந்தக் கட்டத்துக்கு எதை எடுப்பது என்பதுதான் இங்கே தேர்வு.

இந்த வேலை நடந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த கரிசல். கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் கம்பு, சோளம், பருத்தி. ஓரங்களில் எங்கும் ஆவாரை. பின்னால் வந்து எல்லாவற்றையும் மூடியது சீமைக் கருவேலம். வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் மேய்ந்த மண் இது. கம்பளி இல்லாத, குட்டை மயிர் ஆடுகள் என்பதால் தோல் இறுக்கமாக இருக்கும். உப்பிட்டு மடித்த தோல்கள் திண்டுக்கல், திருச்சி மண்டிகளுக்குப் போயின. ஊருக்குள் வேண்டிய தோலை ஊரிலேயே பதனிட்டார்கள். கமலைச் சாலின் அடியில் கோக்கும் தோல் வால், வார்ச் செருப்பு, மாட்டுக்கு வார் ஆகியவை அருந்ததியர் குடும்பங்களின் கையால் ஆனவை. அந்தத் தோல் இல்லாமல் அன்றைக்கு ஒரு கமலைக் கிணற்றிலும் இறைப்பு நடந்திருக்காது. அவர்களுக்குக் கிடைத்த கூலியும் மரியாதையும் அந்த வேலைக்கு ஈடாக இருந்ததே இல்லை.

சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனீட்டைச் சோதிக்கத் தொடங்கியபோது, அவர் கண்ணில் பட்ட தேவைகளில் ஒன்று இந்தக் கமலைத் தோல். எந்நேரமும் நீரில் நனையும் தோல், பட்டையில் பதனிட்டதைவிடக் குரோமில் பதனிட்டால் கூடுதல் நாள் உழைக்கும். பி.எச். என்ற அளவுகோலே அப்போது கிடையாது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் அதை வகுத்தது 1909-ல். கண்ணாடி மின்முனையை ஹேபரும் கிளெமென்சியேவிச்சும் விவரித்ததும் அதே ஆண்டில். அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மன் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க மின்னணு மீட்டர் செய்தது 1930-களின் நடுவில். அதற்கு முன்பு உலகம் முழுவதும் தோல்காரர்கள் பெரும்பாலும் நாக்கையும் மூக்கையும் கட்டை விரலையும் நம்பினார்கள்.

கரிசல் காட்டுக் கூடங்களில் அந்தப் பழக்கம் வெகுகாலம் இருந்தது. புளித்த தவிட்டுத் தண்ணீரில் ஒரு விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார் பெரியவர். சுண்ணாம்பு கழன்ற தோலைக் கட்டை விரலால் அழுத்துவார். பதிந்த பள்ளம் உடனே நிமிராமல் நின்றால் சரி. பட்டையும் தவிடும் மட்டும் இருந்தவரை இது போதுமான சோதனைதான். சோடியம் சல்பைடும் கந்தக அமிலமும் கூடத்துக்குள் வந்த பிறகு நாக்கு வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. கட்டை விரல் மட்டும் இன்னும் பயன்படுகிறது.

நாக்கின் இடத்துக்கு முதலில் வந்தது லிட்மஸ் காகிதம். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பழகியது, மலிவு. ஆனால் அது அமிலமா காரமா என்பதை மட்டும் சொல்லும். பிக்கிளிலும் சிவப்பு, குரோமிலும் சிவப்பு, பட்டைத் தண்ணீரிலும் சிவப்பு. 2.8-க்கும் 3.8-க்கும் உள்ள வேறுபாட்டில்தான் குரோம் தோலின் தலையெழுத்தே இருக்கிறது என்னும்போது இரண்டுக்கும் ஒரே நிறம் காட்டும் காகிதத்தால் பயன் இல்லை.

சுண்ணாம்புத் தொட்டியில் கருவியே தேவைப்படுவதில்லை. சுண்ணாம்பு நீரில் மிகக் கொஞ்சமே கரையும், லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவு. மிச்சம் அடியில் வண்டலாகக் கிடக்கும். மேலே உள்ளது செலவாகச் செலவாக அடியில் இருப்பது கரைந்து ஈடுசெய்யும். அதனால் வண்டல் இருக்கும்வரை பி.எச். தானாகவே ஒரே இடத்தில் நிற்கும்: 25 டிகிரியில் 12.45. ஆய்வகங்கள் காரப் பக்கத்துக்கு நியமக் கரைசலாக வைத்திருப்பதே இந்தத் தெளிந்த சுண்ணாம்பு நீரைத்தான். கவனிக்க வேண்டியது வெயில். 40 டிகிரியில் அதே தெளிவு 11.98-ஐத்தான் காட்டும். சித்திரை மாதம் தொட்டியில் மீட்டரை விட்டுப் பார்த்து, சுண்ணாம்பு செத்துவிட்டது என்று இன்னொரு மூட்டை கொட்டியவர்கள் உண்டு. கோலால் கலக்கி, வண்டல் கிளம்பி வருகிறதா என்று பார்ப்பதே அங்கே நல்ல சோதனை. சல்பைடு கலந்த சுண்ணாம்பில் மின்முனையை விடாமல் இருப்பது இன்னும் நல்லது. காரணம் பின்னால் வரும்.

அடுத்த கட்டம் சுண்ணாம்பு கழித்தல். அம்மோனியம் குளோரைடோ சல்பேட்டோ சேர்த்த தண்ணீரில் தோலைப் புரட்டுவார்கள். தோல் பதனிடுவதில் பி.எச். பற்றி ஒருவர் அறிய வேண்டியதில் பாதி இந்தக் கட்டத்தில் இருக்கிறது. ஏனென்றால் தண்ணீரின் பி.எச். வேறு, தோலின் உள்ளே இருக்கும் பி.எச். வேறு. தண்ணீர் சீக்கிரம் 8.5-க்கு வந்துவிடும். தோலின் நடுவில் ஊறிப்போன சுண்ணாம்பு வெளியே வர நேரம் பிடிக்கும். கழுத்திலும் முதுகிலும் இன்னும் தாமதம். தொட்டித் தண்ணீரில் காகிதம் முக்கியவர் வேலை முடிந்தது என்று நினைப்பார். தோலின் நடுவில் இன்னமும் 12 இருக்கும்.

திருச்சுழிப் பக்கத்துக் கூடம் ஒன்றில் இந்தப் பேச்சு நடந்தது நினைவில் இருக்கிறது. புதிதாகக் காகிதச் சுருள் வாங்கி வந்த இளையவர், "தண்ணி சரியா இருக்கு சித்தப்பா, எடுத்துறலாமா?" என்றார். பெரியவர் தொட்டியைப் பார்க்கவே இல்லை. "தோல வெட்டிப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

வெட்டிப் பார்ப்பது என்றால், தடிமன் கூடிய கழுத்து ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீற்று. கத்தி துருவில்லாததாக இருக்க வேண்டும்; இரும்புக் கறை பின்னால் பட்டைச் சாற்றோடு சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். வெட்டு முனையை மேலே திருப்பி, சாராயத்தில் கரைத்த பினால்ப்தலீன் ஒரு சொட்டு விடுவார்கள். முனை முதலில் வெள்ளையாகவே இருக்கும். பிறகு நடுவில் ஒரு கோடு கிளம்பும், பன்னீர் ரோஜாவை விடவும் அடர்ந்த சிவப்பு. அதற்கு மேலும் கீழும் நிறமே இல்லாத இரண்டு பட்டைகள்: மயிர்ப் பக்கம் ஒன்று, சதைப் பக்கம் ஒன்று. அந்த இரண்டு இடங்களில் சுண்ணாம்பு போய்விட்டது. சிவந்த இடத்தில் போகவில்லை. அரைமணி கழித்து இன்னொரு கீற்று வெட்டினால் கோடு மெலிந்திருக்கும். நூலாகி, பிறகு இல்லாமலே போகும். பினால்ப்தலீன் 8.2 அளவில் நிறம் காட்டத் தொடங்குவதால், நிறம் மறைந்த இடம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது என்று உறுதி. ஆட்டுத்தோலுக்குக் கோடு முழுக்க மறைய வேண்டும். செருப்பின் அடித்தோலுக்கான மாட்டுத்தோல் என்றால் நடுவில் லேசான சிவப்பை விட்டுவைப்பதும் உண்டு. எந்த மீட்டராலும் தோலின் குறுக்கே இப்படிக் கோடு போட்டுக் காட்ட முடியாது. ஒரு சிறு புட்டி பல மாதம் வரும்.

பினால்ப்தலீன் கிடைக்காத இடத்தில் மஞ்சள் ஓரளவு உதவும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பது போலவே, சுண்ணாம்பு மிஞ்சிய வெட்டு முனையும் மஞ்சள் கரைசலில் செம்பழுப்பாகும். எல்லை தெளிவாக இருக்காது, மஞ்சள் கறையும் தங்கும். அவசரத்துக்கு மட்டும் அது.

சுண்ணாம்பு உள்ளே தங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பிக்கிளில் அது கந்தக அமிலத்தைத் தின்று ஜிப்சமாக உள்ளேயே படியும். பட்டைத் தொட்டிக்குப் போனால் பட்டைச் சாற்றோடு சேர்ந்து மேல்பரப்பில் கருந்திட்டாகும். அந்த இடம் மடித்தால் வெடிக்கும். ஒரு சொட்டில் தெரிந்திருக்க வேண்டியது ஒரு மாதம் கழித்துத் தெரியும்.

பிக்கிளுக்குக் காகிதம் சரியான கருவி, ஆனால் 1 முதல் 14 வரை காட்டும் பொதுக் காகிதம் அல்ல. அது ஓர் எண்ணுக்கு ஒரு நிறம் காட்டும். இங்கே வேண்டியது 2.5-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடு. குறுகிய வீச்சுக் காகிதம், 2-லிருந்து 4.5 வரை அல்லது அதை ஒட்டி, அரை எண்ணுக்கும் குறைவான படியில் நிறம் மாறுவதாக இருக்க வேண்டும். உப்பு மிகுந்த தண்ணீரில் எந்தக் காகிதமும் சற்று விலகியே காட்டும். ஒரே வகைக் காகிதத்தையே தொடர்ந்து பயன்படுத்தினால் விலகலும் ஒரே மாதிரி இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். சுருளை அமிலக் கேனுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நிற அட்டையை வெயிலில் போடக் கூடாது. இந்த ஊர் வெயிலில் அட்டை வெளுத்துப்போனால் காகிதம் சொன்ன உண்மையும் பொய்யாகும்.

வெட்டு முனைக்கு இங்கே புரோமோகிரெசால் பச்சை. 3.8-க்குக் கீழே மஞ்சள், 5.4-க்கு மேலே நீலம், இடையில் பச்சை. முனை முழுக்க மஞ்சளானால் அமிலம் நடுவரை போய்விட்டது. நடுவில் பச்சையோ நீலமோ தெரிந்தால் இன்னும் ஓட்ட வேண்டும்.

பி.எச். சரியாக இருந்தும் பிக்கிள் கெடுவது உண்டு, உப்பு குறைந்தால். உப்பில்லாத அமிலத்தில் தோல் தண்ணீரை உறிஞ்சி உப்பி, நார்க் கட்டு தளர்ந்து பாழாகும். காகிதம் அப்போதும் 2.8 என்றுதான் காட்டும். அதனால் போமே அளவுகோல் என்னும் மிதவை, பி.எச். காகிதத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய கருவி. உப்புத் தண்ணீர் 6 போமேயை ஒட்டி நின்ற பிறகே அமிலம் ஊற்றத் தொடங்குவார்கள். இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சங்கடம் கிணற்று நீர். சப்பென்றும் உவர்ப்பாகவும் வரும் போர்த் தண்ணீரில் பைகார்பனேட் இருந்தால் அமிலத்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகும். புத்தகத்தில் சொன்ன எடைக்கு அமிலம் ஊற்றியாயிற்று என்பது கணக்கல்ல. மழைநீர் சேர்த்து வைத்தவர்கள் இந்த வேலையில் எப்போதும் ஒரு படி முன்னால் இருந்தார்கள்.

பட்டைத் தொட்டி தனி உலகம். ஆவாரம் பட்டையில் ஏறத்தாழ 18 விழுக்காடு துவர்ப்பொருள் உண்டு. காட்டில் குச்சி ஒடித்து, பட்டை உரித்து, காயவைத்துக் கட்டி விற்பது பஞ்ச காலத்தில் பல வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றியது. தென்னாட்டிலிருந்து கப்பலேறிய ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோலின் பேர் இந்தப் பட்டையால் வந்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பின்னாளில் ஆப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. ஆவாரம் சாற்றில் தானாகப் புளிப்பு ஏறுவது குறைவு. கடுக்காயில் சர்க்கரை இருப்பதால் அது நொதித்துப் புளிக்கும். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பதால் நிறம் தெளிவதோடு பி.எச்.-உம் இறங்குகிறது.

இந்தப் பழுப்புத் தண்ணீரில் காகிதம் திணறும். காகிதமே பழுப்பாகிவிட்டால் எந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது? ஒரு வழி உண்டு. காகிதத்தை முக்காமல் ஒரு முனையை மட்டும் தொட்டு வைத்தால், ஈரம் மேலே ஊர்ந்து ஏறும். சாயம் பின்தங்கும், தெளிந்த ஈரம் முன்னே போகும். அந்த முன் விளிம்பில் பார்க்கலாம். பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டிய, சாயம் கசியாத வகைக் காகிதமும் உண்டு. விலை கூடுதல், ஆனால் ஒரு முறை அலசிவிட்டுப் பார்க்க முடியும். அன்றாடம் பட்டை வேலை செய்யும் கூடத்துக்கு மீட்டரே மேல்.

பார்க்கோமீட்டரைப் பலர் பி.எச். கருவியாக எண்ணுகிறார்கள். அது சாற்றின் அடர்த்தியை மட்டும் காட்டும்: ஒப்படர்த்தி 1.020 என்றால் 20 பார்க்கோமீட்டர். புளித்த பழஞ்சாறும் புதுச் சாறும் ஒரே எண்ணைக் காட்டலாம். முன்னது தோலின் மேல்பரப்பில் அவசரமாக இறுகி உள்ளே போகாது நின்றுவிடும். இரண்டு கருவியும் வேண்டும்.

குரோம் வேலைக்கு மீட்டர் இல்லாமல் முடியாது. தண்ணீர் பச்சை நீலம், காகிதத்தை மறைக்கும். சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்துச் சிறிது சிறிதாக, மணிக்கணக்கில் விட்டு, 3.8-க்கும் 4-க்கும் இடையில் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் குரோம் மேலேயே கட்டிக்கொள்ளும், திட்டுத் திட்டாகப் பச்சை படியும். கடைசியில் மீட்டரையும் நம்பிவிடாமல், ஒரு துண்டின் விளிம்பைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, வரைந்த கோட்டின் மேல் வைப்பார்கள். சுருங்கவில்லை என்றால் குரோம் பிடித்திருக்கிறது.

மீட்டர் வாங்கும்போது திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பதில் மயங்க வேண்டாம். இரண்டு தசமம் காட்டும் மலிவுப் பேனா மீட்டர் 0.1, 0.2 அளவில் தவறலாம். தோல் வேலைக்கு 0.1 துல்லியம் போதும். அது உண்மையான 0.1-ஆக இருக்க வேண்டும். பார்க்க வேண்டியவை வேறு. மின்முனையைத் தனியே கழற்றி மாற்ற முடிய வேண்டும், ஏனென்றால் மீட்டர் பல ஆண்டு இருக்கும், மின்முனை இருக்காது. உள்ளே உள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசலை மறுபடி நிரப்பும் வகை நல்லது. இரட்டைச் சந்தி உள்ள மின்முனையே தோல் கூடத்தில் நிலைக்கும். வெப்பநிலை ஈடு தானாகச் செய்ய வேண்டும்: ஓர் எண்ணுக்கு மின்முனை தரும் மின்னழுத்தம் 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட், 40 டிகிரியில் 62. தட்டை முகமுள்ள மின்முனை ஈரத்தோலின் மேல் வைத்துப் பார்க்க உதவும். வசதி இருந்தால் வாங்கலாம்.

மீட்டர் வாங்குபவர் தாங்கல் கரைசலையும் சேர்த்தே வாங்க வேண்டும். அது இல்லாத மீட்டர் காட்டுவது வெறும் எண். மாத்திரையாக 4, 7, 9.2 என்று கிடைக்கும்; வாலை வடித்த நீரில் கரைக்க வேண்டும், போர்த் தண்ணீரில் அல்ல. பிக்கிளுக்கும் குரோமுக்கும் 7, 4 இரண்டிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு கழிப்பதற்கு 7, 9.2. வெயில் இதையும் விடுவதில்லை: 25 டிகிரியில் 9.18 ஆன போராக்ஸ் தாங்கல் 40 டிகிரியில் 9.07. மீட்டரின் வெப்ப ஈடு மின்முனைக்கு மட்டுமே, கரைசலின் மாற்றத்துக்கு அல்ல. புட்டியின் மேல் ஒட்டிய அட்டவணையில் அன்றைய வெப்பத்துக்கு உரிய எண்ணைப் பார்க்க வேண்டும். காலையில் நிழலில் சரிபார்ப்பது எளிது.

மின்முனையைக் கெடுப்பவை மூன்று: சல்பைடு, புரதம், வறட்சி. சல்பைடு உள்ளே உள்ள வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகி, பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் புள்ளியைக் கறுக்கச் செய்யும். அந்தப் புள்ளி கடுகளவு கூட இராது. கரைசல் வெளியே கசிவது அதன் வழியாகத்தான். அது அடைத்துக்கொண்டால் எண் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும், தொட்டியைக் கலக்கினால் ஒன்று, நிறுத்தினால் ஒன்று காட்டும். சல்பைடு கலந்த சுண்ணாம்பில் மின்முனையை விடாமல் இருக்கச் சொல்வது இதனால்தான். கறுத்ததைத் தயோயூரியா கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்தால் வெளுக்கும். தோலிலிருந்து கரைந்த புரதம் படிந்தால் பெப்சின் கலந்த அதே அமிலத்தில் ஒரு மணி நேரம். துணியால் தேய்க்கக் கூடாது. மெல்லிய காகிதத்தால் ஒற்ற வேண்டும். வேலை முடிந்ததும் மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஊற்றி மூட வேண்டும். வாலை வடித்த நீரில் ஊறப்போடுவது பலரும் செய்வது, தவறு. காயவிடுவது அதைவிட மோசம். பங்குனி முதல் ஆவணி வரை அடிக்கும் காற்றில் ஒரு மின்முனை காய ஒரு பகல் போதும். குரோம் ஏற்றாத, இந்தப் பராமரிப்புக்கு நேரமும் இல்லாத கூடம் மீட்டர் வாங்காமல் சொட்டு மருந்தும் குறுகிய வீச்சுக் காகிதமும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மலிவான பொதுக் காகிதத்துக்கும் ஓரிடத்தில் வேலை உண்டு, அது உயிரைக் காப்பாற்றும் வேலை. சல்பைடுச் சுண்ணாம்பு நீரும் பிக்கிள் நீரும் ஒரே வாய்க்காலில் சேரக் கூடாது. கலவையின் பி.எச். 9-க்குக் கீழே இறங்க இறங்க ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். 7-ல் சல்பைடில் பாதி அந்த வாயுவாகவே இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று தொட்டிக்குள் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சாவுகள் தோல் தொழிலில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. வடிகால் திறப்பதற்கு முன் ஒரு கீற்றுக் காகிதம் நனைத்துப் பார்ப்பதைக் கூலிக்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும், மேஸ்திரிக்கு மட்டும் அல்ல.

முடிந்த தோலுக்கும் பி.எச். உண்டு. நறுக்கிய தோல் 5 கிராம், வாலை வடித்த நீர் 100 மில்லிலிட்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் குலுக்கி, மீட்டரில் பார்ப்பது சர்வதேச முறை; அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலும் இதே வகைச் சோதனைதான். எண் 4-க்குக் கீழே வந்தால் அந்த நீரைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி பார்ப்பார்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 0.7-ஐத் தாண்டினால் தோலுக்குள் கந்தக அமிலம் போன்ற வலிய அமிலம் கட்டுப்படாமல் தங்கியிருக்கிறது. பட்டையிலோ கடுக்காயிலோ வந்த மெல்லிய அமிலம் என்றால் வேறுபாடு அதற்குள் அடங்கும். வலிய அமிலம் தங்கிய தோல், வார் ஆனாலும் புத்தக அட்டை ஆனாலும், சில ஆண்டுகளில் சிவந்து பொடியாக உதிரும். குலுக்கும் எந்திரம் இல்லாத கூடத்தில் மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியைக் கையால் இடைவிட்டு இடைவிட்டுக் குலுக்கி, இரவு முழுக்க வைத்து, காலையில் தெளிந்த நீரில் மீட்டரை விடலாம். முறைப்படியான சான்றுக்கு அது ஆகாது. அந்தத் தோலை விற்கலாமா, இன்னொரு முறை அலச வேண்டுமா என்று தீர்மானிக்க ஆகும்.